கழுதையை எழுப்பிய மறுநாள்



இந்த வாரத் தியானத்துக்கு யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தின் 5ஆம் வசனத்தை எடுத்துக்கொள்கிறேன். நம்மோடு பகையாயிருக்கும் ஒருவனுடைய கழுதை பாரம் தாங்காமல் வழியில் சாய்ந்துவிட்டால், பார்த்தும் பாராதவர்போலக் கடந்துபோகாமல் அதை எழுப்பிவிட உதவ வேண்டும் என்பது அங்கே சொல்லப்பட்ட கட்டளை. பிரசங்கங்களில் இந்த வசனம் வரும்போதெல்லாம் நாம் பகைவனைப் பற்றிப் பேசியே நேரத்தை முடித்துவிடுகிறோம். கழுதையைக் குறித்து ஒருவரும் வாய்திறப்பதில்லை. எழுப்பி நிறுத்தப்பட்ட பின்பு, அன்று மாலையும் மறுநாளும், அடுத்து வந்த மழைக்காலத்திலும் அந்தக் கழுதைக்கு என்ன ஆயிற்று என்பதைக் குறித்துத்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

சபையாகிய நாம் விழுந்ததை எழுப்புவதில் தேறியிருக்கிறோம். எழுப்பியதை வைத்துக் காப்பதில் இன்னும் தேறவில்லை என்பது என் கருத்து. அதற்கு மனமில்லை என்பதைக் காரணமாக நான் சொல்லமாட்டேன். நம்மிடம் மனம் இருக்கிறது. காலத்தை அறிந்து செய்யும் அறிவுதான் குறைவுபடுகிறது. இதை விளங்கிக்கொள்ள, கைவிடப்பட்ட கழுதைகளையும் குதிரைகளையும் வருஷம் முழுவதும் வைத்துக் காப்பாற்றுகிறவர்களின் வேலையைச் சற்று அருகில் நின்று பார்க்குமாறு உங்களை அழைக்கிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில், சிட்மவுத் என்னும் கடற்கரை ஊருக்கு அருகே கழுதைகளுக்கான புகலிடம் ஒன்று உண்டு. அதைத் தொடங்கியவர் எலிசபெத் ஸ்வென்ட்சன் என்னும் அம்மையார். விடுதி நடத்திவந்த அவர் 1969ஆம் ஆண்டில் ஒரு கழுதையை வாங்கினார். 'குறும்பு முகம்' என்று பொருள்படும் பெயர் அதற்கு. பிரியத்துக்காக வளர்ப்பதும் குட்டிகளைப் பெருக்குவதுமே தொடக்கத்தில் அவருடைய எண்ணமாயிருந்தது. எக்ஸிடர் நகரச் சந்தையில் ஒரு சிறிய பட்டிக்குள் ஏழு கழுதைகள் நெருக்கி அடைக்கப்பட்டு நின்றதைக் கண்ட பின்பு அந்த எண்ணம் மாறிற்று. பின்னர் 1974ல் ரெடிங் நகருக்கு அருகே இதே பணியைச் செய்துவந்த ஓர் அம்மையார் மரித்தபோது, தம்மிடமிருந்த 204 கழுதைகளையும் உயிலின் மூலம் இவருக்கு விட்டுச்சென்றார். உயிலில் வீடு வரும், நகை வரும்; இவருக்கு 204 வயிறுகள் வந்தன. மறுத்துவிடவும் வழியிருந்தது. அவர் ஏற்றுக்கொண்டார். 2011ல் அவர் மரித்த பின்பும் அந்தப் பணி தொடர்ந்து நடைபெறுகிறது.

நன்றாகப் பராமரிக்கப்பட்ட கழுதை 30 வயதையும் கடந்து வாழக்கூடியது. ஐந்து வயதுக் கழுதை ஒன்றை இன்று ஏற்றுக்கொள்கிறவர் 25 குளிர்காலங்களையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். புகைப்படம் எடுக்கத் தகுந்த நாள் அவற்றுள் ஒன்றுதான், அது வண்டியிலிருந்து இறக்கப்பட்ட நாள். மற்ற நாட்களில் விட்டையை அள்ள வேண்டும், தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்க வேண்டும், ஆறு முதல் பத்து வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். பருவம் மாறுந்தோறும் செய்கிற வேலையும் மாறும். அந்த மாற்றத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில் இளவேனிற்காலம். இருபத்துமூன்றாம் சங்கீதத்தைத் தாய்ப்பாலோடு கற்றுவளர்ந்த நமக்குப் பசும்புல் என்றாலே ஆசீர்வாதம். ஆனால் அந்த நாட்டில் குதிரைகளையும் கழுதைகளையும் காக்கிறவர்கள் ஏப்ரல், மே மாதத்துப் புல்லைக் கண்டு அஞ்சுகிறார்கள். குளிர்ந்த இரவும் வெயிலுள்ள பகலும் மாறி மாறி வரும் அந்நாட்களில் இளம்புல்லில் சர்க்கரைச் சத்து மிகுந்துவிடும். அதை வயிறார மேய்ந்த மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் குளம்பு அழற்சி நோய் வருகிறது. குளம்புக்குள் இருக்கும் எலும்பைக் குளம்பின் சுவரோடு பிணைத்து வைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கித் தளர்கின்றன. நோய் முற்றினால் எலும்பே கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். நகக்கண்ணில் ஏறிய சிறு சிராய் நம்மை என்ன பாடு படுத்துகிறது! உடலின் முழுப் பாரத்தையும் அப்படிப்பட்ட நான்கு நகங்களின்மேல் தாங்கி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகையால் அவர்கள் செய்வது என்ன? புல்வெளியைக் குறுக்கே கயிற்று வேலியால் மறித்து, ஒரு நாளுக்கு ஒரு கீற்று நிலமாக மட்டும் திறந்துவிடுகிறார்கள். சில மட்டக்குதிரைகளின் வாயில், ஒன்றிரண்டு புல்நுனிகள் மாத்திரம் உள்ளே நுழையும்படியான கூடையைக் கட்டிவிடுகிறார்கள். கழுதைகளுக்கு முக்கிய ஆகாரமே வைக்கோல்தான். நம் வேதாகமம் வாற்கோதுமை என்று சொல்லும் பார்லியின் வைக்கோல். சுமார் 180 கிலோ எடையுள்ள கழுதைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த தீனி இரண்டரை முதல் மூன்று கிலோ போதும். கழுதையின் முன்னோர்கள் வட ஆப்பிரிக்காவின் வறண்ட பாழ்நிலங்களில் முள்ளையும் சருகையும் தின்று பிழைத்தவை. கொழுத்த புல்லுக்காக அவற்றின் குடல் உண்டாக்கப்படவில்லை. அதிகமாய்த் தின்றால் பிடரியிலும் விலாவிலும் கொழுப்பு கட்டியாய்ப் படிந்து நிற்கும், எளிதில் கரையாது.

முன்பின் அறியாத ஒருவர் அந்த வேலியோரம் வந்து நின்றால் என்ன நினைப்பார்? அந்தப்பக்கம் முழங்கால் அளவு பசும்புல், இந்தப்பக்கம் வைக்கோலை மெல்லும் கழுதை. எத்தனை கொடுமையானவர்கள் என்று மனம் பதைத்து, பையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்து நீட்டுவார். அவருடைய இரக்கம் மெய்யானது. அந்த ரொட்டி அந்தக் கழுதைக்குத் தீங்கானது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாயிருக்கக்கூடும் என்பதைப் பிரசங்கபீடத்திலிருந்து நாங்கள் போதுமான அளவு சொல்வதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கொடுப்பதைப் பற்றி நூறு பிரசங்கங்கள் உண்டு. கொடுக்குமுன் அந்த உயிரின் குடலை அறிந்துகொள்ளச் சொல்லும் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. நீதிமொழிகள் 12:10, தன் மிருகஜீவனின் உயிரைக் கவனத்தில் வைத்திருப்பதை நீதிமானின் அடையாளமாகச் சொல்கிறது; அதே வசனத்தின் பிற்பகுதி, துன்மார்க்கனிடத்தில் இரக்கமும் கொடுமையாய் முடிகிறது என்கிறது. அந்தப் பிற்பகுதியை வெகுநாள் நான் வேகமாய்க் கடந்துபோவதுண்டு. வேலியோரத்து ரொட்டியை நினைக்கையில், துன்மார்க்கரல்லாத நாமும் அறியாமையினால் அங்கே போய் நிற்கக்கூடும் என்று படுகிறது.

கோடைக்காலத்தில் பகை வேறு வடிவெடுத்து வருகிறது. கொசுவைக் காட்டிலும் சிறிய கடிபூச்சிகள் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் மொய்க்கும். அவற்றின் கடி ஒவ்வாத மட்டக்குதிரை, பிடரியும் வால்முனையும் புண்ணாகும்வரை மரத்தில் தேய்த்துக்கொண்டே நிற்கும். ஆகவே அவ்விரு வேளைகளிலும் அவற்றை லாயத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்தப் பூச்சிகள் பறப்பதில் பலவீனமானவை. காற்று அடித்தால் நிற்கமுடியாது. அதனால் சில லாயங்களில் மின்விசிறியும் சுழலும். மூக்கு வெளிறிய குதிரைகளுக்கு வெயிலில் தோல் வெந்துவிடாதபடி களிம்பு பூசுவார்கள்.

கோடையில் இன்னொரு வேலை உண்டு. ராக்வொர்ட் என்னும் மஞ்சள்பூச் செடியை வேரோடு பிடுங்குவது. குதிரையின் ஈரலைச் சிறுகச் சிறுக அழிக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. அது பரவாமல் தடுப்பதற்கென்றே இங்கிலாந்தில் 2003ல் தனியாக ஒரு சட்டம் இயற்றினார்கள். பச்சையாய் நிற்கும்போது அந்தச் செடி கசக்கும். ஆகையால் மேய வேறு புல் இருக்கும்வரை குதிரை அதைப் பெரும்பாலும் தொடாது. ஆனால் குளிர்காலத் தீனிக்கென்று புல்லை அறுத்து உலர்த்தும்போது அதனோடு இதுவும் சேர்ந்து உலர்ந்துவிட்டால், கசப்பு போய்விடும்; நஞ்சு போகாது. ஜூலையில் ஒருவர் குனியச் சோம்பியதன் பலன் ஜனவரியில் முன்னணைக்கு வந்து சேர்கிறது. களையை அறுப்பின் நாள்மட்டும் விட்டுவைக்கச் சொன்ன உவமையை அங்கே போய் எடுத்துச்சொன்னால், கையுறை போட்டு வெயிலில் குனிந்து நிற்கிறவர்கள் நம்மைத் துரத்திவிடுவார்கள்! அந்த உவமை மனிதரை நியாயந்தீர்ப்பதைப் பற்றியது; புல்வெளியைப் பற்றியதல்ல.

இலையுதிர்காலத்தைச் சுருக்கமாய்ச் சொல்லிக் கடக்கிறேன். சிகமோர் மரத்தின் சிறகுள்ள விதைகள் காற்றில் வந்து விழும். அவற்றைத் தின்ற குதிரைக்குத் தசைகள் சிதைந்து, சில நாட்களுக்குள் மரணமே நேரிடலாம். (சகேயு ஏறிய காட்டத்தி மரத்துக்கும் ஆங்கில வேதாகமத்தில் இதே பெயர்தான், மரம் வேறு.) விட்டையைச் சோதித்துக் குடற்புழுவுக்கு மருந்து கொடுப்பதும், பல்லைப் பார்ப்பதும் வழக்கமான வேலைகள். தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் ஊர்ப் பழமொழி. புகலிடத்தில் இதற்கு நேர்மாறு. தானமாய் வந்ததின் பல்லைத்தான் முதலில் பார்க்கிறார்கள், ஏனெனில் கூர்தட்டிய கடைவாய்ப்பல் கன்னத்தைக் கிழிக்கும், வைக்கோலை மெல்லவொட்டாது, மெல்லாதது குடலில் அடைக்கும்.

குளிர்காலத்துக்கு வருவோம். குதிரைக்குக் குளிர்காலம் தொடங்குமுன் ரோமம் அடர்ந்து வளரும். கழுதைக்கு அவ்விதம் வளர்வதில்லை. இங்கிலாந்தில் கழுதை, கோவேறு கழுதை, குதிரை ஆகியவற்றின் ரோமத்தைப் பருவந்தோறும் அளந்து 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. கழுதையின் ரோமம் கோடைக்கும் குளிருக்கும் பெரிதாய் மாறவில்லை. அடர்ந்து சடைத்திருப்பதுபோலக் கண்ணுக்குத் தோன்றினாலும் அது மழையைத் தாங்காது. நனைந்தால் தோல்வரை நனைந்துவிடும். பாலைநிலத்துப் பிறவி ஈரநாட்டில் வந்து நிற்கிறது. ஆகவே அதற்குக் கூரை அவசியம், உலர்ந்த தரை அவசியம். குதிரைக்கு ஏற்பாடு செய்த அளவிலேயே கழுதைக்கும் செய்துவிட்டு, எல்லாருக்கும் சமமாய்ச் செய்தோம் என்று மனநிறைவு கொள்ளமுடியாது.

அந்தச் சடைத்த ரோமத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உள்ளே எலும்பு தெரிய மெலிந்துபோன கழுதையும் தூரத்திலிருந்து பார்த்தால் கொழுகொழுவென்றே தோன்றும். ஆகையால் குளிர்காலத்தில் கண்ணை நம்பாமல், கையை ரோமத்துக்குள் நுழைத்து விலா எலும்புகளையும் முதுகுத்தண்டையும் தடவிப் பார்க்கிறார்கள். கிழக் கழுதைகளுக்குப் போர்வை கட்டினால் அதை நாள்தோறும் அவிழ்த்து உள்ளே புண் உண்டா, மெலிவு உண்டா என்று பார்த்தே மறுபடியும் கட்டவேண்டும். போர்த்திவிட்டதோடு வேலை முடிந்தது என்று விட்டால், அந்தப் போர்வையே நோயை மறைக்கும் திரையாகிவிடும். நான் இதை வாசித்தபோது வருஷந்தோறும் நாம் போர்வை வழங்கும் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன. அதைக் குறித்துப் பின்னர் சொல்கிறேன்.

தண்ணீர் உறையும் காலைகளில் பனிக்கட்டியை உடைத்துத் தொட்டியைத் திறந்துவிடுவது மாத்திரம் போதாது. மிகக் குளிர்ந்த தண்ணீரைக் கழுதை விரும்பாது, குடிப்பதைக் குறைத்துவிடும், குடித்தது குறைந்தால் தின்ற வைக்கோல் குடலில் இறுகும். கிழக் கழுதைகளுக்கு வெதுவெதுப்பான நீரை வாளியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒன்றுண்டு. கழுதை தன் வேதனையைக் காட்டிக்கொள்ளாது. குதிரை வயிற்றுவலி வந்தால் உருளும், உதைக்கும். கழுதையோ தலையைச் சற்றே தாழ்த்தி, ஒரு மூலையில் அமைதியாய் நிற்கும், அவ்வளவுதான். அதைக் கண்டு 'சாதுவான பிராணி' என்று கடந்துபோகிறவர் ஒரு மரணத்தைக் கடந்துபோகிறார். எவ்விதமென்றால், கழுதை தீனியைக் குறைத்துவிட்டால் அதன் உடல் சேமித்துவைத்த கொழுப்பை அளவுக்கு மீறி இரத்தத்தில் இறக்கிவிடுகிறது. ஈரலும் சிறுநீரகமும் அதைத் தாங்காமல் சில நாட்களில் உயிர் போய்விடக்கூடும். ஆதலால் நேற்று ஒரு கட்டு வைக்கோலைத் தின்றது இன்று முக்கால் கட்டோடு நிறுத்திவிட்டதே என்று கவனிக்கும் ஒரு மனிதர் தினமும் அங்கே இருக்கவேண்டும். அவ்வப்போது வந்து தடவிக்கொடுத்துப் போகிறவருக்கு இது தெரியவராது. சத்தமிடுகிறவர்களைத் தேடிப்போய் உதவிசெய்யப் பழகிவிட்ட நமக்கு, சத்தமில்லாமல் தலைதாழ்த்தி நிற்கிறவர்கள் எத்தனைபேர் நம் சபையின் கடைசி பெஞ்சில் உண்டு என்று எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்த நோய் துக்கத்தினாலும் வரும். கழுதைகள் இரண்டிரண்டாய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேரிட்டால் அதன் துணையையும் கூடவே கொண்டுபோகிறார்கள். ஒன்று இறந்துவிட்டால் உடனே உடலை அப்புறப்படுத்துவதில்லை. மற்றது அருகில் நின்று, முகர்ந்து, தானாகவே விலகிப்போகும் மட்டும் விட்டுவைக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்வது மருத்துவக் காரணம். துணை எங்கே போயிற்று என்று அறியாத கழுதை தேடித் தேடித் தீனியை மறுத்துவிடும், அறிந்துகொண்டதோ பிழைத்துக்கொள்ளும்.

மத்தேயு 21ஆம் அதிகாரத்தை இதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஒருவரும் ஏறியிராத குட்டியை அழைத்துவரும்படி ஆண்டவர் அனுப்பியபோது, தாய்க்கழுதையையும் கூடவே அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னார். வேத பண்டிதர்கள் சகரியாவின் தீர்க்கதரிசனத்தைக் கொண்டு இதற்கு விளக்கம் தருவார்கள். அதை நான் மறுக்கவில்லை. லாயத்தில் வேலைசெய்யும் ஒருவர் இதை வாசித்தால், பழக்கப்படாத குட்டியை ஆரவாரமிடும் கூட்டத்தினூடே தாயில்லாமல் நடத்திக்கொண்டுபோக முடியாதே என்றுதான் முதலில் நினைப்பார். மாற்கு 11:3 இன்னொன்றையும் சொல்கிறது. வேலை முடிந்ததும் அதைத் திருப்பி அனுப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்தே அவிழ்க்கச் சொன்னார். இன்று சில ஊர்களில் குருத்தோலை ஞாயிற்றின் ஊர்வலத்துக்குக் கழுதை ஒன்றை வாடகைக்குப் பிடித்துவருகிறார்கள். பங்குனி வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் அது நடக்கிறது. வேண்டாம் என்று நான் சட்டம்போட வரவில்லை. ஆனால் அன்று மத்தியானம் அதற்குத் தண்ணீர் வைத்தது யார், திங்கட்கிழமை அது எங்கே நின்றது என்று கேட்கிற உரிமை சபையாருக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும்பும். ஐயரே, மனுஷருக்கே கஞ்சியில்லாத தேசத்தில் கழுதைக்கு வெந்நீரா? இது நியாயமான கேள்வி. இதைக் கேட்கிறவரைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். மனிதனும் கழுதையும் ஒரே விலையுள்ளவை என்பது வேதத்தின் போதனையும் அல்ல. ஆனால் யாத்திராகமம் 23:12 ஓய்வுநாளின் இளைப்பாறுதலை யார் யாருக்கெல்லாம் பங்கிடுகிறது என்று பாருங்கள். மாடு, கழுதை, அடிமைப்பெண்ணின் பிள்ளை, அந்நியன் எல்லாரும் ஒரே வாக்கியத்தில் நிற்கிறார்கள். ஒருவருக்குக் கொடுப்பதற்காக மற்றவரிடமிருந்து பறிக்கவேண்டும் என்ற கணக்கு அங்கே இல்லை. சரித்திரத்திலும் அப்படியே. 1824ல் லண்டனில் ஒரு காப்பிக் கடையில் கூடி மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் அடிமை வியாபாரத்துக்கு எதிராய் ஆயுள்முழுதும் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸ் இருந்தார். அந்தச் சங்கத்தை முன்நின்று நடத்திய ஆர்தர் புரூம் ஒரு குருவானவர். இந்த வேலைக்காகத் தம் சபைப் பொறுப்பைவிட்டு வந்தவர். சங்கத்தின் கடனுக்கு அவர் பொறுப்பேற்றிருந்ததால் 1826ல் கடனாளிகளின் சிறைக்குப் போனார். தொடங்குவதற்கு ஒரு காப்பிக் கடையும் ஒரு பிற்பகலும் போதுமாயிருந்தன. இரண்டே வருஷத்தில் கணக்கு அவரைச் சிறைவரை கொண்டுபோயிற்று. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்ன ஆண்டவரின் வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவருடைய நினைவு வரும். அவரைக் குறைசொல்லவில்லை, அவர் கொடுத்த விலையினால்தான் அந்தச் சங்கம் நிலைத்தது.

இது தூரதேசத்துக் கதை என்று எண்ணவேண்டாம். கோடை விடுமுறையில் உதகமண்டலத்துக்குப் போய்வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஏரிக்கரையில் பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றிப் படம் எடுத்திருப்பீர்கள். ஏப்ரல், மே மாதங்கள் அந்தக் குதிரைகளுக்கு வேலைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் சவாரிக்கு ஆள் குறையும்; வருமானம் குறைந்தவர்கள் குதிரைக்குத் தீனி வாங்குவதைக் குறைப்பார்கள். தெருவிலே திரிந்து குப்பைத்தொட்டியில் வாய்வைக்கும் குதிரைகளை அந்த ஊரார் நன்கறிவார்கள். குதிரைக்காரரைத் திட்டி முடித்துவிடுவது எளிது. அவரும் இரண்டு மாத வருமானத்தைக்கொண்டு பன்னிரண்டு மாதம் பிழைக்கிறவர். மலைக்குக் கீழே, முதுமலைக் காட்டின் ஓரமாய் மசினகுடிக்கு அருகே மாவனல்லாவில், இத்தகைய குதிரைகளையும் கழுதைகளையும் ஏற்று வைத்திருக்கும் புகலிடம் ஒன்று உண்டு. அங்கே பருவக் கணக்கு வேறு. அது மழைமறைவுப் பக்கம். பனிக்கட்டி உடைக்கும் வேலை இல்லை. கோடைக்கு முந்தின மாதங்களில் புல் காய்ந்துபோவதே அங்கே பயம். டெவன் நாட்டின் அட்டவணையை அப்படியே கொண்டுவந்து அங்கே ஒட்டமுடியாது. அந்தந்த மண்ணின் மாதங்களை அந்தந்த மண்ணில் நின்றே கற்கவேண்டும்.

இப்பொழுது நம் காரியத்துக்கு வருகிறேன். டிசம்பர் மாதத்தில் நாம் வழக்கமாய்ப் போகும் பிள்ளைகள் இல்லத்தைக் குறித்து வாலிபர் சங்கத்தில் பேச்சு எழுந்திருப்பதை அறிவேன். இந்த வருஷம் இன்னும் சிறப்பாய்ச் செய்வோம், பிரியாணியோடு கேக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போர்வையும் கொடுப்போம் என்பது யோசனை. பிள்ளைகளைக் கழுதைகளோடு ஒப்பிடுகிறேன் என்று தயவுசெய்து எண்ணாதிருங்கள். நான் ஒப்பிடுவது வேலியோரத்தில் ரொட்டியோடு நிற்கும் அந்த நல்ல மனிதரையும் நம்மையும்தான். டிசம்பரின் கடைசி இரண்டு வாரங்களில் அந்த இல்லத்துக்கு நம்மைப்போல இன்னும் எத்தனையோ சபைகளும் சங்கங்களும் வருகின்றன. ஒரே நாளில் மூன்று விருந்து உண்ட பிள்ளைகள் இரவில் வயிற்றுவலியால் அழுததும் உண்டு. போன வருஷத்துப் போர்வைகள் பிரிக்கப்படாமலே அலமாரியில் இருக்கின்றன. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது நோட்டுப்புத்தகத்துக்கும் செருப்புக்கும் கட்டணத்துக்கும் பொறுப்பாளர் கடன் வாங்குகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி உலராது, காய்ச்சல் பரவும். அப்போது மருந்துச்சீட்டோடு நிற்க ஆள் வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜனவரி முதல் மார்ச்சு வரை மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். ஏப்ரல், மே விடுமுறையில், போக வீடில்லாத நான்கைந்து பிள்ளைகள் மாத்திரம் அந்தப் பெரிய கட்டடத்தில் தங்கியிருப்பார்கள். அவர்களில் யாரும் சத்தமிடுகிறதில்லை.

ஆதலால் மூப்பர்களோடு பேசி, ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு பக்கம். அந்தந்த மாதத்தில் அந்த இல்லத்துக்கு வேண்டியது இன்னது என்று பொறுப்பாளரே தம் கைப்பட எழுதியிருக்கிறார்; சிலவற்றுக்குப் பணம் தேவை, பெரும்பாலானவற்றுக்கு ஆள் தேவை. ஒரு மாதத்தை ஏற்றுக்கொள்கிற குடும்பம் அதை ஒரு வருஷத்துக்கு மட்டுமல்லாமல், குறைந்தது மூன்று வருஷத்துக்கு ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்கிறோம். ஒரே ஆள் மறுபடியும் மறுபடியும் வந்தால்தான் தலைதாழ்ந்து நிற்கும் பிள்ளை எது என்று கண்டுபிடிக்க முடியும். இயலாதவர்கள் பெயர் எழுதவேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதிவிட்டு வராமலிருப்பதைவிட அது மேலானது.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு நோட்டு ஆலய அலுவலக மேஜையில் இருக்கும். ஜூன், நவம்பர் இரண்டு பக்கங்களையும் முதலில் பாருங்கள். டிசம்பர் பக்கத்தைப் பொறுப்பாளரின் சம்மதத்தோடு நானே கோடிட்டு மூடிவிட்டேன்.